'தனி' என்று ஒரு ஃபோல்டர்

"சர்வர் சார், பிரிண்டரைக் காணோம்."

"அது எங்கேம்மா போகும்? உங்க பக்கத்துலதானே உக்காந்திருக்கு?"

"ரேக்குல இருக்கு சார். கம்ப்யூட்டர்லதான் காணோம்."

சர்வர் சார் என்று அழைக்கப்பட்டவர் கணினி படித்தவர் இல்லை. லிப்ட் பராமரிக்கும் அந்த நிறுவனத்தில் கொட்டேஷன் போடுகிறவர். வாரத்தில் பாதி நாள் வெளியே, புதிதாக எழும்பும் கட்டடங்களில், லிப்ட் குழியை எட்டிப் பார்த்து அளந்துகொண்டிருப்பார். மீதி நாள் அலுவலகத்தில் உட்கார்ந்து, அளந்ததைத் தட்டச்சு செய்வார்.

அலுவலகத்துக்கென்று தனியாக ஒரு சர்வர் வாங்க முதலாளிக்கு மனம் வரவில்லை. இருக்கிற கணினிகளில் இவருடையதில்தான் பெரிய டிஸ்க். எனவே மெக்கானிக்குகளின் டியூட்டி விவரம், புகார்ப் பதிவு எல்லாவற்றையும் அதில் போட்டு, பிரிண்டரையும் அதிலேயே செருகி, மற்றவர்கள் தங்கள் இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும்படி ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்து இவரே அமைத்துக் கொடுத்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர் இது. மாமனார் காதில் விழுந்து, "மாப்பிள்ளை எந்த ஹோட்டல்லம்மா சர்வரா இருக்கார்?" என்று மகளிடம் அவர் ரகசியமாக விசாரித்தது தனிக்கதை.

பிரிண்டரைக் காணாமல் தவித்தவர் வரவேற்பு மேசைக்காரர். நாள் முழுக்கப் போன் எடுத்து எடுத்து, எதிரில் வந்து நிற்பவரிடமும் "ஹலோ" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் எல்லோருக்கும் அவர் ஹலோ அக்கா.

சர்வர் சார் நாற்காலியைச் சுழற்றி உட்கார்ந்தார். கணினி பற்றி யாராவது சந்தேகம் கேட்டால் அவர் முதுகு தானாகவே நிமிர்ந்துவிடும்.

"நேத்து இன்டர்நெட் பெட்டியை மாத்திட்டுப் போனாங்க இல்ல? அதான் விஷயம். கம்ப்யூட்டருங்க ஒண்ணையொண்ணு எப்படிக் கண்டுபிடிக்குதுன்னு நினைக்கிறீங்க?"

"எனக்குப் பிரிண்ட் வந்தா போதும் சார்."

"சத்தம் போட்டுத்தான். 'பிரிண்டர் வெச்சிருக்கிறவங்க யாராவது இருக்கீங்களா'ன்னு உங்களோடது கத்தும். 'நான் இருக்கேன், எங்கிட்ட இருக்கு'ன்னு என்னோடது பதில் குடுக்கும். இப்ப பெட்டி மாறினதும், ஏதோ தெரியாத இடத்துல வந்து இறங்கிட்டோம்னு நினைச்சுக்கிட்டு என்னோடது வாயை மூடிக்கிச்சு. யார் கூப்பிட்டாலும் பதில் இல்ல."

"அப்ப வாயைத் திறக்கச் சொல்லுங்க சார். மெக்கானிக் அண்ணன் டியூட்டி ஷீட்டுக்கு நிக்கிறார்."

மெக்கானிக் அண்ணன் சுவரில் சாய்ந்து நின்று கொட்டாவி விட்டார். அந்த நிறுவனத்தின் மெக்கானிக்குகளில் மூத்தவர். அலுவலகம் இருந்த கட்டடத்து லிப்ட் பழுதாகிக் கிடப்பதால் தினமும் மூன்று மாடி ஏறி வருகிறவர். அதைச் சரி செய்ய வேண்டியவரும் அவர்தான்.

சர்வர் சார் நாலு இடத்தில் சொடுக்கினார். 'இந்த நெட்வொர்க்கில் மற்றவர்கள் உங்கள் கணினியைக் கண்டுபிடிக்கலாமா?' என்று திரை கேட்டது. தாராளமாக என்று அழுத்தினார்.

"வந்திடுச்சு சார்! பிரிண்டர் தெரியுது. டியூட்டி தெரியுது. அப்பாடா, 'தனி'யும் தெரியுது!"

சர்வர் சாரின் கை மவுஸ் மேலேயே உறைந்தது.

'தனி' என்பது அவருடைய சொந்த ஃபோல்டர். அதில் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அது ஒரு நாவல்.

தானும் ஒரு எழுத்தாளர் என்பது அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. மனைவி அதை இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லை. கதை நடப்பது ஒரு லிப்ட் கம்பெனியில். கற்பனைக்கு அதிகம் சிரமம் கொடுக்காமல், சுற்றி இருந்தவர்களை அப்படியே தூக்கி உள்ளே போட்டிருந்தார். போன் பேசும் பெண் ஒருத்தி ஊரார் சண்டைகளை எல்லாம் ஒட்டுக்கேட்டு, தன் கருத்தையும் நடுவில் சொல்வாள். கணக்காளர் ஒருவர் கண்ணைத் திறந்துகொண்டே குறட்டை விடுவார். தலைமை மெக்கானிக்கோ, நின்றுபோன லிப்ட்டைத் திட்டியே ஓட வைக்க முடியும் என்று நம்புகிறவர். எல்லோருக்கும் மேலே மேனேஜர் அம்மாள் ஒருத்தி. சிரித்தால் பல் தேய்ந்துவிடும் என்று பயந்து வாழ்கிறவள்.

ஆரம்பத்தில் ஒரு பக்கம் எழுதவே அவருக்கு மூச்சு வாங்கியது. போகப்போகக் கை பழகிவிட்டது. வெளிவேலை முடிந்து வந்து கோப்பைத் திறந்தால், தான் விட்ட இடத்திலிருந்து பாத்திரங்கள் தாமாகவே நாலடி முன்னால் நடந்து போய் நிற்பதுபோல் இருக்கும். பெரிய எழுத்தாளர்கள் பேட்டிகளில் இப்படித்தான் சொல்வார்கள் என்பது அவருக்குத் தெரியும். தானும் அந்த வரிசையில் சேர்ந்துவிட்டதாக நினைத்து, யாரும் இல்லாதபோது கண்ணாடி முன் நின்று பேட்டி கொடுத்தும் பழகியிருந்தார்.

அந்த நாவல்தான் இப்போது ஹலோ அக்காவின் திரையில் தெரிகிறது.

அவசரமாகப் பகிர்வுப் பட்டியலைத் திறந்து பார்த்தார். பிரிண்டரையும் டியூட்டி ஃபோல்டரையும் மட்டும் பகிர்ந்ததாக அவர் நினைத்திருந்தார். உண்மையில், அந்த வீடியோவில் பேசியவன் எங்கே அழுத்தச் சொன்னானோ, இவர் எங்கே அழுத்தினாரோ, முழு டிஸ்க்கையும் தூக்கிக் கொடுத்திருந்தார். பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: 'எல்லோரும். படிக்கலாம், எழுதலாம்.'

வீட்டுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுவிட்டு, திருடர் பயத்தைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பாடம் எடுத்தவன் கதைதான் தன் கதை என்று அவருக்குத் தோன்றியது. பிறகு கொஞ்சம் சமாதானம் செய்துகொண்டார். பிரிண்டருக்கு வந்தவர்கள் பிரிண்டரோடு போயிருப்பார்கள். யார் அடுத்த கதவைத் திறந்து பார்க்கப் போகிறார்கள்? இப்போது அடைத்துவிட்டால் சரி.

மொத்தப் பகிர்வையும் நிறுத்தினார்.

"சார், எல்லாம் போச்சு!" என்றார் ஹலோ அக்கா. அதே நேரம் போன் அடித்தது. "ஹலோ... சொல்லுங்க சார்... எந்த மாடிக்கு நடுவுல?... பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன்." வாயைக் கையால் மறைத்துக்கொண்டு திரும்பினார். "ஒருத்தர் லிப்ட்ல மாட்டிக்கிட்டார் சார். அந்தப் பக்கம் இன்னைக்கு எந்த மெக்கானிக்னு பாக்கணும். டியூட்டி திறக்க மாட்டேங்குது!"

"இதோ, இதோ!"

பதறியபடி மறுபடியும் பகிர்வைப் போட்டார். இந்த முறை ஏமாறக் கூடாது என்று, பாஸ்வேர்டு கேட்டுவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும் என்ற கட்டத்தையும் சேர்த்து அழுத்தினார். மனித புத்தி இவ்வளவு வேகமாகவும் வேலை செய்யும் என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

"சார், பாஸ்வேர்டு கேக்குது."

மெச்சுதல் நின்றது.

அது அவருடைய கணினியின் பாஸ்வேர்டு. நாவலின் முதல் அத்தியாயம் முடிந்த மகிழ்ச்சியில் வைத்தது. இதுவரை உயிருள்ள ஒருவரிடமும் சொன்னதில்லை.

"நானே வந்து அடிக்கிறேன்" என்று எழுந்தார். நாற்காலிச் சக்கரத்தில் நெட்வொர்க் வயர் சிக்கிக்கொண்டது. குனிந்து விடுவிக்கப் பார்த்தார். இன்னும் சிக்கியது.

"சார், சீக்கிரம்! அவருக்கு மூச்சு முட்டுதாம்!"

"நான்..." என்றார் சர்வர் சார், மேசைக்கு அடியிலிருந்து.

"சொல்லுங்க சார், நீங்கதான்."

"அதான் பாஸ்வேர்டு. நான்... ஒரு... மேதை. இங்கிலீஷ் எழுத்துல. நடுவுல இடம் விடாம."

ஹலோ அக்காவுக்கு எதை அடித்தாலும் வாய்விட்டுச் சொல்லியே அடிக்கும் பழக்கம். ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டு, "நான்... ஒரு... மேதை..." என்று உரக்கச் சொன்னார்.

லிப்ட்டுக்குள் இருந்தவரின் குரல் போனைத் தாண்டி அறைக்கே கேட்டது. "அம்மா, நீங்க யாரா வேணா இருங்கம்மா! முதல்ல கதவைத் திறக்க ஆள் அனுப்புங்க!"

டியூட்டி திறந்தது. அந்தப் பக்கத்து மெக்கானிக் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தார். ஆளை வெளியே எடுத்தாயிற்று என்று சிறிது நேரத்தில் தகவலும் வந்துவிட்டது. ஆனால் அதற்குள் அலுவலகத்தில் ஆளுக்கொரு தடவை மேதையாகியிருந்தார்கள்.

"நான் ஒரு மேதை" என்று சொல்லிக்கொண்டே கணக்காளர் அடித்தார். "எனக்கும் திறந்திடுச்சு சார். ரொம்பத் தாங்க்ஸ், மேதை... அதாவது, சார்."

பாஸ்வேர்டு எல்லோர் கையிலும் இருந்தால் பூட்டு எதற்கு? 'தனி' இன்னும் திறந்தபடியேதான் கிடந்தது. சர்வர் சார் மாடிப்படிக்கு ஓடி மனைவியைப் போனில் பிடித்தார்.

"கேளு. நாவல் ஆபீஸ் பூரா தெரியுது."

"நம்ம நாவலா?"

"என் நாவல்."

"அதுல மேனேஜரை அவ்வளவு கிண்டல் பண்ணியிருக்கீங்களே!"

"அதனாலதான் போன் பண்றேன். வேலை போயிடும்போல இருக்கு. லிப்ட் குழியை எட்டிப் பாக்கத் தெரிஞ்சவனுக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

மறுமுனையில் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது. மனைவி தன்னைத் தேற்ற வார்த்தை தேடுகிறாள் என்று நினைத்தார்.

"ஏங்க, அதுல ஆபீஸ்ல இருக்கிற ஒவ்வொருத்தரும் வர்றாங்க. என்னைப் பத்தி ஒரு வரி இருக்கா?"

"இப்ப அதுவா முக்கியம்?"

"அந்த மேனேஜர் அழுற அத்தியாயம் மட்டும் ரொம்ப நல்லாருந்துச்சு. மத்ததெல்லாம் நீங்க எழுதின மாதிரியே இருந்துச்சு. சரி, இப்ப என்ன, அதைத் தூக்கி வேற இடத்துல போட வேண்டியதுதானே?"

இவ்வளவு எளிய வழி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று சர்வர் சார் வெட்கப்பட்டார். பிறகு வெட்கப்பட நேரமில்லை என்று ஓடி வந்தார். பென் டிரைவைச் செருகினார். நாவலை வெட்டி அங்கே ஒட்டினார்.

திரை மறுத்தது. 'இந்தக் கோப்பு வேறொருவரால் திறக்கப்பட்டுள்ளது. அவர் மூடிய பிறகு முயலவும்.'

வேறொருவர் யார் என்று தேடினார். கணினியே எடுத்துக் கொடுத்தது. 'மேனேஜர்-அறை.'

கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேனேஜர் மேடத்தின் தலை மட்டும் தெரிந்தது. அது குனிந்திருந்தது. அசையவில்லை. சிரிக்கவும் இல்லை.

எந்தப் பக்கத்தில் இருக்கிறாரோ? பல் தேயும் இடத்தில் இருந்தால் பிழைக்கலாம். அதற்கு அடுத்த பத்தியில், அவர் நடந்து வந்தால் லிப்ட்கள் தாமாகவே கதவைத் திறந்து வழிவிடும் என்று வருகிறது. அங்கே போய்விட்டால் தொலைந்தோம்.

மறுபடி வெட்டினார். மறுத்தது. மறுபடி. அவசரத்தில் விரல் எங்கே இறங்கியதோ, ரேக்கில் இருந்த பிரிண்டர் செருமிக்கொண்டு கண் விழித்தது.

'வெட்டு'க்குப் பக்கத்தில் 'அச்சிடு' இருந்தது.

முதல் பக்கம் வெளியே வந்து விழுந்தது. இரண்டாவது அதன்மேல் விழுந்தது.

சர்வர் சார் யோசிக்கவில்லை. யோசித்துச் செய்ததெல்லாம் என்ன ஆயிற்று என்று இன்று காலையிலிருந்து பார்த்தாயிற்று. மேசைக்கு அடியில் பாய்ந்து, கைக்கு அகப்பட்ட நெட்வொர்க் வயரைப் பிடுங்கினார்.

அலுவலகமே ஒரே குரலில் "ஐயோ" என்றது.

"சார், புகார்ப் பதிவு போச்சு!" என்றார் ஹலோ அக்கா.

"பாதி பில்லுல நிக்குதுங்க!" என்றார் கணக்காளர்.

மேனேஜர் அறைக்குள் நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் சத்தம் கேட்டது.

அந்த அலுவலகத்தில் நிற்காமல் ஓடியது ஒன்றே ஒன்றுதான். பிரிண்டர். நெட்வொர்க் வயரைப் பிடுங்கினால் மற்றவர்களுக்குத்தான் அது இல்லை. பிரிண்டருக்கும் இவர் கணினிக்கும் நடுவில் இருந்தது வேறு வயர். அதைச் செருகியதும் இவர்தான். பக்கம் பக்கமாக நாவல் வந்துகொண்டேயிருந்தது. இத்தனை பக்கம் எழுதியிருக்கிறோமா என்று அந்த நிலையிலும் அவருக்கு ஒரு சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. வெட்கங்கெட்ட பெருமை என்று அதைத் திட்டி அடக்கினார்.

"வந்திடுச்சா டியூட்டி?" என்று மெக்கானிக் அண்ணன் சுவரை விட்டு வந்து கொத்தாக எடுத்துக்கொண்டார்.

"அண்ணே, அது டியூட்டி இல்ல! குடுங்கண்ணே!"

அதற்குள் அண்ணன் ஒரு பக்கத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் படிக்கத் தொடங்கிவிட்டார். கணக்காளர் எட்டி வந்து ஒன்றை உருவிக்கொண்டார். ஹலோ அக்கா போனை ஓரமாக வைத்துவிட்டு ஒன்றை எடுத்தார். மூவரும் படித்தார்கள். ஒருவரும் முகம் சிவக்கவில்லை. ஒருவரும் கத்தவில்லை. அதுதான் சர்வர் சாருக்கு இன்னும் பயமாக இருந்தது.

"எல்லாரும் என்னை மன்னிக்கணும்" என்றார், மேசைக்கு அடியிலிருந்து தலையை மட்டும் நீட்டி. "வெளியே காட்டணும்னு எழுதல. சும்மா ஒரு ஆசை. எழுத வராதவனுக்கு எழுதணும்னு ஒரு ஆசை. உங்களை எல்லாம் விட்டா எனக்கு வேற யாரைத் தெரியும்? அதனால உங்களையே கேவலமா..."

மெக்கானிக் அண்ணன் பக்கத்தை அலட்சியமாக ரேக்கில் போட்டார். "இது பழசு. இதெல்லாம் எப்பவோ படிச்சாச்சு. புதுசு எங்கே?"

"எப்பவோவா?"

"பிரிண்டர் போட்டுக் குடுத்தீங்களே, அன்னைலேர்ந்து தெரியுதே சார்" என்றார் ஹலோ அக்கா. "மத்தியானம் சாப்பிட்டுட்டு ஆளுக்குக் கொஞ்சம் படிப்போம். நேத்து பெட்டியை மாத்தினதுலேர்ந்து 'தனி'யைக் காணோம்னு எங்களுக்கு இருப்பே கொள்ளல. பிரிண்டர் வேணும்னு வேற எதுக்குக் காலையிலேயே உங்களைக் கூப்பிட்டேன்?"

சர்வர் சார் எழ முயன்றார். மேசையில் தலை இடித்தது. அவருக்கு அது வலிக்கவில்லை.

"அப்ப, அந்தக் குறட்டை விஷயம்..." என்று கணக்காளரைப் பார்த்தார்.

"படிச்சேன் சார். என் பொண்டாட்டிகிட்டயும் படிச்சுக் காட்டினேன். நேர்ல பார்த்த மாதிரி இருக்குன்னா."

"உங்களுக்குக் கோபமே வரலியா?"

"முதல்ல வந்துச்சு" என்றார் கணக்காளர். மெக்கானிக் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஹலோ அக்காவைப் பார்த்தார். அக்கா, அடிக்காத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

மூன்று பேரும் தன் எழுத்தை மதித்து, கோபத்தை விழுங்கிக்கொண்டு, வாய் திறக்காமல் படித்திருக்கிறார்கள். சர்வர் சார் மேசைக்கு அடியிலேயே சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். கேவலம் ஒரு பாஸ்வேர்டுக்காக வெட்கப்பட்டோமே, அந்த வார்த்தை அப்படி ஒன்றும் பொய்யில்லை போலிருக்கிறதே என்றுகூட ஒரு கணம் நினைத்தார்.

அப்போது கண்ணாடிக் கதவு திறந்தது.

மேனேஜர் மேடம் வெளியே வந்தார். எல்லோரும் காகிதத்தைக் கீழே வைத்தார்கள். பிரிண்டர்கூட மரியாதைக்கு நின்றது. அதில் காகிதம் தீர்ந்திருந்தது. மேடம் நேராக நடந்து வந்து, மேசைக்கு அடியில் கையில் வயரோடு உட்கார்ந்திருந்தவரைக் குனிந்து பார்த்தார். அந்த முகத்தில் எப்போதும்போல் ஒன்றும் இல்லை.

"வயரைப் பிடுங்கினது நீங்களா?"

"மேடம், நான் விளக்கிச் சொல்லிடறேன். அந்தப் பல்லு விஷயம் ஒரு உவமைதான். மனசுல வெச்சுக்காதீங்க. இப்பவே முழுசா அழிச்சிடறேன்."

"அழிச்சீங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன்" என்றார் மேடம். "பாதி வாக்கியத்துல நிக்குது. சீக்கிரம் வயரை மாட்டுங்க சார், இந்த வாரம் எழுதற முறை என்னோடது."